சுவரில் ஊரும் வெள்ளரி விதை

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

செயலாளர் என்னிடம் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். 33 வருடம் மணி அடிக்கும் வரை பேசிப் பழகியவள் நான். இங்கே மணி அடிக்க ஆள் இல்லை, அதனால் கொஞ்சம் கூடப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். குளியலறைக் கதவுக்குப் பின்னால், வாஷ்பேசினுக்குக் கீழே, லாஃப்ட் ஓரம், படுக்கையறைச் சுவரும் தரையும் சேரும் இடம் இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், தட்டையாக, இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் அகன்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளரி விதையைச் சிமென்டில் புரட்டி எடுத்த மாதிரி இருக்கும். தூசி என்று நினைப்பீர்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அந்தத் தூசி நான்கு விரல்கடை நகர்ந்திருக்கும்.

இதைப் பற்றித்தான் நம் வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு மாதமாகச் சண்டை. கரையான் குஞ்சு என்றார் ஒருவர். சுவரில் ஈரம் ஏறினால் தானாக உண்டாகும் என்றார் இன்னொருவர். குழந்தையைக் கடித்துத் தடிப்பு வந்துவிட்டது என்றார் ஏ பிளாக் அம்மா ஒருவர். அப்போதுதான் நான், விலங்கியல் படித்தவள் என்ற தோரணையில், ஒரு செய்தி போட்டேன். பலருக்கு நினைவிருக்கும். “இது பேக்வோர்ம் என்ற அந்துப்பூச்சியின் புழு. மரத்து இலையைத் தின்று வளரும். மரத்திலிருந்து சுவர் வழியாக வீட்டுக்குள் வருகிறது” என்று எழுதினேன். கைதட்டல் பொம்மை முப்பது வந்தது.

அடுத்த வாரம் பி பிளாக் ஓரத்திலிருந்த பாதாம் மரத்தின் கிளைகளையெல்லாம் கழித்துவிட்டார்கள். சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மரத்தில் நிஜமாகவே பேக்வோர்ம் இருந்தது, நானே காட்டினேன். படித்தவர் சொன்னதைக் கேட்டுச் செய்தார்கள். சாயங்காலம் வாக்கிங் முடித்து உட்கார நிழல் இருந்த இடம் இப்போது வெட்டவெளி. மரம் மொட்டையான பிறகும் சுவரில் இந்த விதைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. அதைப் பார்த்தபோதுதான் நான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒன்றைப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

முதலில் பார்த்ததைச் சொல்கிறேன், பெயருக்குப் பிறகு வருவோம். பெயரை முதலில் வைத்துக்கொண்டு பிறகு பார்த்ததுதான் என் தவறே.

சுவரில் நீங்கள் பார்ப்பது பூச்சியே இல்லை, அதன் வீடு. முழு வளர்ச்சியில் அந்தக் கூடு 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், அகலம் 3 முதல் 5. வெளிப்பக்கம் மணல் துகள், நூல் பிசிறு, பெயின்ட் செதில், மற்றப் பூச்சிகளின் எச்சம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஒட்டியிருக்கும். ஒட்டுவதற்குப் பசை எது தெரியுமா? புழு தன் வாயிலிருந்து இழுக்கும் பட்டு நூல். உள்பக்கம் முழுவதும் அந்தப் பட்டினாலேயே மெத்தை. சி பிளாக்குக்குப் பீச் கலர் அடித்த வருடம் எங்கள் வீட்டில் எடுத்த கூடுகளில் பீச் கலர் புள்ளிகள் இருந்தன. புழு வளர வளரக் கூட்டையும் பெரிதாக்கிக்கொள்கிறது. நாம்தான் மூன்று பெட்ரூம் போதவில்லை என்று வீடு மாறுகிறோம்.

கூட்டுக்கு இரண்டு முனையிலும் வாசல் உண்டு. ஒரு வெள்ளைத்தாளில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு முனையிலிருந்து கரும்பழுப்புத் தலை எட்டிப் பார்க்கும். பின்னால் மூன்று ஜோடிக் கால். அந்தக் கால்களால் தாளைப் பிடித்துக்கொண்டு வீட்டை இழுத்துக்கொண்டு நடக்கும். பென்சில் முனையால் லேசாகத் தொட்டால் உள்ளே போய்விடும், வாசலும் மூடிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் எதிர் முனையிலிருந்து அதே தலை வரும்! உள்ளேயே உடம்பை மடித்துத் திரும்பிவிடுகிறது. என் பேரன் இதைப் பார்த்துவிட்டு உள்ளே இரண்டு புழு இருக்கிறது என்று அடித்துச் சொன்னான். கூட்டை நகவெட்டிக் கத்தியால் பிரித்துக் காட்டிய பிறகுதான் நம்பினான். உள்ளே இருந்தது ஒன்றே. சுமார் 7 மில்லிமீட்டர் நீளம், தலைக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் கெட்டியான கரும்பட்டைகள், மீதி உடம்பெல்லாம் வெண்மை, தோல் மெல்லியது. வெளியே இரண்டு நிமிடம் கிடந்தால் எறும்புக்குத்தான். அந்த வீடு அதற்கு ஏன் வேண்டும் என்பது பிரித்துப் பார்த்தால் புரியும்.

இதைத் தொட்டால் சொறியும் என்று பயப்பட வேண்டாம். கம்பளிப்புழுவுக்கு இருப்பது போன்ற சுணை முடி இதற்கு இல்லை, விஷமும் இல்லை, இது கடிக்கவும் கடிக்காது. ஏ பிளாக் குழந்தைக்கு வந்த தடிப்புக்கு வேறு காரணம் பார்க்கச் சொல்லி அன்றே அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

இனிப் பெரிய பூச்சியின் தோற்றம். அதைப் பார்க்க எனக்குப் பொறுமை வேண்டியிருந்தது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐந்து கூடுகளைப் போட்டு, வாயை மல் துணியால் கட்டி, லாஃப்டிலிருந்து எடுத்த ஒட்டடையும் என் சீப்பில் சிக்கிய முடியும் உணவாக வைத்தேன். வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆனால் இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு முன்னோடி உண்டு. பனாமாவில் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அனெட் அயெல்லோ என்ற ஆய்வாளர் இந்தப் பூச்சியை வளர்த்து அதன் வாழ்க்கையை 1979இல் எழுதினார். அவர் அதற்குப் போட்ட சாப்பாடு செத்த கொசுவும் தன் சொந்தத் தலைமுடியும்.

புழுப் பருவம் ஏறத்தாழ 50 நாள். ஆறேழு முறை தோலுரிக்கும். பிறகு கூட்டைச் சுவரில் ஒட்டவைத்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகி இரண்டு மூன்று வாரம் அசையாமல் கிடக்கும். ஒரு நாள் மதியம் சாதம் வடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கூட்டின் ஒரு முனையில் வெறும் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டில் சுவரில் ஒரு சாம்பல் நிறத் துணுக்கு. கண்ணாடி போடாமல் பார்த்திருந்தால் ரசப்பொடி சிந்தியிருக்கிறது என்று துடைத்திருப்பேன்.

அதுதான் அந்துப்பூச்சி. பெண் இறக்கை விரித்தால் முனைக்கு முனை 10 முதல் 13 மில்லிமீட்டர். ஆண் இன்னும் சிறிது, 7 முதல் 9. முன் இறக்கை சாம்பல் நிறம், அதில் மூன்று நான்கு கரும்புள்ளிகள். ஆணில் புள்ளிகள் அவ்வளவு தெளிவாக இருக்காது. பின் இறக்கையின் ஓரத்தில் நீளநீளமாக மயிர் போன்ற செதில்கள், பழைய காலத்துத் தாவணிக்குக் குஞ்சம் வைத்த மாதிரி. உட்காரும்போது இறக்கையை முதுகின்மேல் ஓட்டுக்கூரை போலச் சாய்த்து வைத்துக்கொள்ளும். தலை மட்டும் வழவழப்பாக இல்லை. உச்சியில் செதில்கள் குத்திட்டு நிற்கும். சுத்தமான பரட்டைத் தலை. இந்தப் பரட்டைத் தலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

வாயைத் தேடினேன். வண்ணத்துப்பூச்சிக்கு இருக்கும் சுருண்ட உறிஞ்சுகுழாய் இதற்கு இல்லை. வாயுறுப்புகள் பெயருக்கு இருக்கின்றன. வளர்ந்த பூச்சி எதையும் சாப்பிடுவதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்ததை வைத்துக்கொண்டு சில நாள் ஓட்டி, துணை தேடி, முட்டையிட்டு முடிந்துவிடும். பெண் ஒரு வாரத்தில் சுமார் 200 முட்டை இடும். அவை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியவை. சுவர் இடுக்கில் இட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

இப்போது பெயர். கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், மரம் போனது இந்த இடத்தில்தான்.

இறக்கையைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டுமே, அந்தச் செதில் உள்ளவை எல்லாம் லெப்பிடாப்டெரா என்ற வரிசையில் வரும். செதிலிறகிகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இந்த வரிசையில் பத்தில் ஒன்பது பங்கு அந்துப்பூச்சிகள்தாம். வண்ணத்துப்பூச்சி சிறுபான்மை, ஆனால் விளம்பரமெல்லாம் அதற்கே. வரிசையைக் குடும்பங்களாகவும், குடும்பத்தைப் பேரினங்களாகவும், பேரினத்தைச் சிற்றினங்களாகவும் பிரிப்பார்கள். பிளாக், மாடி, ஃபிளாட் எண் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தபால் சரியாகச் சேர மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

நான் சொன்ன பேக்வோர்ம் சைக்கிடே குடும்பம். நம் பாதாம் மரத்தில் தொங்கியது அது. குச்சியும் இலைத்துண்டும் சேர்த்துத் தைத்த பை, கிளையிலிருந்து தொங்கும். அந்தப் புழு பச்சை இலை தின்னும். அதன் பெண்ணுக்குப் பல சிற்றினங்களில் இறக்கையே கிடையாது, வாழ்நாள் முழுவதும் பையை விட்டு வெளியே வராதவையும் உண்டு. சுவரில் ஊர்வதோ டினியிடே குடும்பம். துணி அரிக்கும் அந்துப்பூச்சி இருக்கிறதே, அதன் குடும்பம். பரட்டைத் தலையும் ஒன்றுக்கும் உதவாத வாயும் இந்தக் குடும்பத்து முகச்சாடை. அந்துப்பூச்சிப் புழு என்றால் இலை தின்னும் என்பது பொது வழக்கம். டினியிடே அந்த வழக்கத்தை விட்டுப் போனவர்கள். பூஞ்சை, மட்கிய மரம், பறவைக் கூட்டு இறகு, கம்பளி, முடி என்று மற்றவர்கள் சீண்டாததைத் தின்று பிழைப்பவர்கள். உயிரோடிருக்கும் பாதாம் இலையை நம் சுவர்ப்புழுவுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் தொடாது. நான் வைத்துப் பார்த்தேன். இலை காய்ந்து சருகானது.

இந்த இரண்டு குடும்பமும் ஒரே பெருங்குடும்பத்தில் வருகின்றன. அதாவது பங்காளிகள். கூடு கட்டிச் சுமக்கும் பழக்கம் இரண்டு வீட்டிலும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். பங்காளி வாங்கிய கடனுக்கு அடுத்த வீட்டு வாசலில் போய் ஜப்தி பண்ணின கதை. சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை, அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து வீடுகளில் 1930களில் இதன் நெருங்கிய உறவை முதலில் கவனித்தவர்களும் பிளாஸ்டர் பேக்வோர்ம் என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயர் குழப்புகிறது என்று பிற்பாடு வேறு பெயர் வைத்தார்கள். இன்றும் இணையத்தில் தேடினால் பழைய பெயர்தான் முதலில் வந்து நிற்கிறது. நானும் அதில்தான் விழுந்தேன்.

அறிஞர்களும் இதில் சுலபமாகத் தப்பவில்லை. 1892இல் வியன்னாவைச் சேர்ந்த ரெபெல் என்பவர் கேனரி தீவுகளிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து அல்லுட்டெல்லா என்று பெயரிட்டார். சேர்த்த பேரினம் டினியோலா, துணி அந்துப்பூச்சியினுடையது. ஐந்து வருடம் கழித்து, மேற்கிந்தியத் தீவுகளின் பூச்சிகளை ஆராய்ந்த வால்சிங்ஹாம் பிரபு மிக ஒத்த இன்னொன்றுக்கு யூட்டெரெல்லா என்று பெயரிட்டார். இந்தப் பிரபுவைப் பற்றி ஒரு சேதி. 1888இல் ஒரே நாளில் 1,070 காட்டுக்கோழிகளைச் சுட்டதற்காகவும் இவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே கையால் ஒரு செண்டிமீட்டர் பூச்சியை ஊசியில் குத்தி இறக்கையை விரித்து வைத்திருக்கிறார். மனிதர்களை வகைப்படுத்துவது பூச்சிகளைவிடக் கடினம்.

பிறகு 1932இல் எட்வர்ட் மேரிக். இங்கிலாந்தில் பள்ளிக்கூட ஆசிரியர். ஓய்வு நேரத்தில் உலகெங்கும் இருந்து தபாலில் வந்த சிறு அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்தே 10,000க்கு மேல் சிற்றினங்களை எழுதியவர். நம் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. மதராஸ் அரசின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரில் இருந்த ஃபிளெட்சர் அங்கே கிடைத்த குட்டிப் பூச்சிகளை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி 1914இல் வந்த பெரிய புத்தகம் இந்த ஃபிளெட்சர் எழுதியது. மேரிக் நம் பூச்சியின் உறவுக்கு வைத்த பெயர் டுபிடாட்ரிக்ஸ். லத்தீனில் சந்தேகப்படுகிறவள் என்று பொருள். அமெரிக்காவில் புஸ்க் என்பவர், வால்சிங்ஹாம் நினைவாக, வால்சிங்ஹாமி என்று இன்னொரு பெயர் வைத்தார். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டது.

1956இல் ஹின்டன், பிராட்லி என்ற இருவர் இதைச் சீர்செய்தார்கள். துணி அந்துப்பூச்சியின் புழு கூட்டைச் சுமந்து நடப்பதில்லை. துணியிலேயே நூல்குழாய் பின்னிக்கொண்டு உள்ளே கிடக்கும். தட்டைக் கூட்டைச் சுமந்து திரிகிறவற்றை அதோடு ஒரே பேரினத்தில் வைப்பது பொருந்தாது என்று தனியே பிரித்து, ஃபெரியீகா என்று புதுப் பேரினம் உண்டாக்கினார்கள். கிரேக்கத்தில் வீட்டைச் சுமப்பவர் என்று பொருள். ஹெஸியட் என்ற பழைய கிரேக்கக் கவிஞர் நத்தைக்குச் சொன்ன வார்த்தை அது. வீட்டைச் சுமப்பவர் என்றால் இந்த அறையில் இருக்கும் பாதிப் பேருக்கும் பொருந்தும், இருபது வருடத் தவணை போட்டவர்கள் எல்லோருக்கும்.

ஆக நம் சுவரில் இருப்பது ஃபெரியீகா. அதில் எந்தச் சிற்றினம்? அல்லுட்டெல்லா, யூட்டெரெல்லா இரண்டையும் இறக்கையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வயிற்றின் நுனியை வெட்டி, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்வார்கள். இந்தியா, இலங்கை, ஜாவா, செஷல்ஸ் முதல் பனாமா வரை பதிவாகியிருப்பது அல்லுட்டெல்லா. அதனால் என் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் பேரினத்தைப் பேனாவால் எழுதி, அல்லுட்டெல்லாவைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். செல்போனில் படம் எடுத்து ஆப்பில் போட்டுவிட்டு, யூட்டெரெல்லா என்று வந்துவிட்டதே என்று என்னிடம் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆப் வயிற்றை வெட்டிப் பார்க்கவில்லை.

இத்தனை பெயர் ஆராய்ச்சியால் நமக்கு என்ன என்று மாடியில் குடியிருக்கும் ஒருவர் லிஃப்டில் கேட்டார். அவர் இங்கே வந்திருக்கிறார், நல்ல கேள்விதான். குடும்பம் தெரிந்தால் சாப்பாடு தெரியும். சாப்பாடு தெரிந்தால் எதை நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

இதன் முக்கிய உணவு ஒட்டடை. சிலந்தி விட்டுப்போன பழைய வலையைப் பெரிய அளவில் தின்கிறது. அடுத்தது நம் தலைமுடி, செத்த பூச்சி, வளர்ப்புப் பிராணிகளின் ரோமம், கம்பளி. முடியிலும் கம்பளியிலும் இருப்பது கெரட்டின் என்ற புரதம். கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டிய புரதம், நம் வயிற்றில் அது கரையாது. துணி அந்துப்பூச்சிப் புழுவின் குடலில் அந்தக் கந்தகக் கட்டை அவிழ்க்கும் வேதியியல் இருக்கிறது, அந்தக் குடும்பத்துச் சொத்து அது. பருத்தியை நம் புழு தின்பதில்லை. காட்டன் புடவை வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். கம்பளி சால்வை, ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் இவற்றை மட்டும் வெயிலில் உதறி, மூடிய பையில் வையுங்கள். பட்டும் சிலந்தி நூலும் இரண்டுமே புரதம் என்பதால் பட்டுப்புடவையையும் வருடத்துக்கு இரண்டு தடவை பிரித்து மடிப்பு மாற்றி வையுங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான்.

இன்னொன்று ஈரம். காற்றில் ஈரப்பதம் இல்லாமல் இது பிழைக்காது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத குளியலறை, மழைநீர் கசியும் வடக்குச் சுவர், துணி காயப்போட்ட மூடிய பால்கனி, இங்கெல்லாம் ஏன் அதிகம் என்று இப்போது புரிகிறதா? பி பிளாக் மூன்றாம் மாடியில் நான் எண்ணிய 41 கூடுகளில் 29 ஒரே குழாய்க் கசிவைச் சுற்றி இருந்தன. அந்தக் கசிவு பற்றிய புகார் ரெஜிஸ்டரில் எட்டு மாதமாக இருக்கிறது என்பதைச் செயலாளர் எதிரிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி அடுத்த பொதுக்குழுவுக்கு வரும் தீர்மானம். எல்லா பிளாக் தாழ்வாரத்திலும் மாதம் ஒரு முறை மருந்து அடிக்க ஒரு நிறுவனத்தின் கொட்டேஷன் வந்திருக்கிறது. மெயின்டனன்ஸில் கூடும் தொகை உங்களுக்குத் தெரியும், நான் அதைப் பேசவில்லை. அடிக்கப்போகும் பைரித்ராய்டு மருந்து சுவரில் படும். புழு பட்டு மெத்தைக்குள், வாசலை மூடிக்கொண்டு இருக்கும். மருந்து நேராகப் படுவது திறந்தவெளியில் இருக்கும் சிலந்திமேல். சிலந்தி செத்தால் வலை அங்கேயே இருக்கும், அதாவது புழுவுக்குச் சாப்பாடு. செத்து விழும் மற்றப் பூச்சிகளும் சாப்பாடு. அப்பான்டிலிஸ் கார்ப்பாட்டஸ் என்ற ஒரு குட்டிக் குளவி உண்டு. இந்தக் கூட்டுக்குள் இருக்கும் புழுவில் முட்டையிடும், குளவியின் குஞ்சு புழுவைத் தின்று தீர்த்துவிடும். காசு வாங்காமல் வேலை செய்யும் அந்தக் குளவிக்கும் மருந்து எமன். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், இந்த வகை மருந்து மீனுக்கு எவ்வளவு ஆகாது என்று.

நான் கேட்பது மூன்று மாத அவகாசம். வாரம் ஒரு முறை தாழ்வாரம், படிக்கட்டு, மோட்டார் அறை எல்லாவற்றிலும் ஒட்டடை அடிக்க வேண்டும். போகிக்கு ஒரு நாள் அடித்தால் போதாது. வீட்டுக்குள் கட்டில், பீரோவுக்குப் பின்னால் வாக்குவம் அல்லது துடைப்பம். கண்ணில் பட்ட கூட்டைக் கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். துடைப்பத்தால் தட்டிக் கீழே விட்டால் அது எழுந்து வேறு சுவர் ஏறும். சீப்பு முடியைச் சுருட்டி பால்கனி ஓரத்தில் போடுகிறவர்கள் குப்பைக்கூடையில் போடுங்கள். அந்தக் குழாய்க் கசிவை அடைக்க வேண்டும். பி பிளாக் மூன்றாம் மாடி, சி பிளாக் தரைத்தளம் இரண்டிலும் இன்று எண்ணிய கணக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் திரும்ப எண்ணுவோம். குறையவில்லை என்றால் மருந்துத் தீர்மானத்துக்கு நானே கை தூக்குகிறேன்.

எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லாக் கூட்டிலும் ஆள் இருக்காது. முனையில் வெறும் தோல் நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சி பறந்துபோன கூடு. அதைத் தனிக் கணக்கில் எழுதுங்கள், இல்லையென்றால் காலி ஃபிளாட்டையும் சேர்த்து மெயின்டனன்ஸ் கணக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

பாதாம் மரத்தில் அடிமரத்தை ஒட்டி நான்கு தளிர் விட்டிருக்கிறது. தோட்டக்காரர் அதை வழித்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். யாராவது வேறு மாதிரி சொன்னால் என்னிடம் அனுப்பச் சொல்லியும் இருக்கிறேன். அதன் இலையில் மறுபடி பை தொங்கினால் கையால் பறித்துப் போடலாம், அதற்கு நான் வருகிறேன்.

நீளமான ஒட்டடைக் குச்சி இரண்டு செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டு எடுத்துப்போங்கள். லென்ஸ் வேண்டும் என்கிற பிள்ளைகள் மாலை 5 மணிக்கு மேல் என் வீட்டுக்கு வரலாம். பாட்டிலில் இன்னும் இரண்டு கூடு பாக்கி இருக்கிறது.